மீன்கண் லென்ஸ் வாங்கும் முன் கொஞ்சம் வரலாறு



பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு பழைய மாணவன் கேட்டிருக்கிறான்: "சார், முதன்முதலாக ஒரு மீன்கண் லென்ஸ் வாங்கப் போகிறேன். எது வாங்கலாம்?" பெயர் போட வேண்டாம் என்றான், போடவில்லை. கல்யாண வீடுகளில் கேமராக்காரருக்குத் துணையாகப் போய்ச் சேர்த்த காசு. விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவன் தாத்தா நாற்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து நெய்த வீட்டைத் தை பிறந்ததும் இடிக்கப் போகிறார்கள். குழித்தறி இருக்கும் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. எந்த மூலையில் நின்றாலும் பாதித் தறிதான் படத்தில் விழுகிறதாம். முழுசாக ஒரு படம் வேண்டும் என்கிறான்.

என்னிடம் கேட்டால் பதில் நேராக வராது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் வகுப்பில் "மழை ஏன் பெய்கிறது" என்று கேட்டவனுக்கு இரண்டு பீரியட் பாடம் நடத்தியவன் நான். இதற்கும் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். கேமராவுக்குள் அடங்காத பெரிய பொருளை அடக்குவது நம் தமிழ்நாட்டில் 160 வருஷத்துக்கு மேலான சிக்கல். அதற்கு மனிதர்கள் என்னென்ன விலை கொடுத்தார்கள் என்று தெரிந்தால், நீ எந்த லென்ஸுக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் நம்மூர்க் கணக்கு ஒன்று. ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் 1509-ல் எழுப்பியது. உயரம் 192 அடி. புல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டுச் செங்குத்தாகப் பிடித்தால், மேலிருந்து கீழ் வரை சுமார் 40 பாகை தெரியும். அந்த 40 பாகைக்குள் 192 அடி அடங்க நீ எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும்? ஏறக்குறைய 230 அடி. போகலாம், சன்னதித் தெரு இருக்கிறது. ஆனால் நடுவில் ஆட்டோ, பூக்கடை, மின்கம்பி எல்லாம் வரும். கோயிலுக்குள் போனாலோ பின்னால் போக இடமே கிடையாது. நம் கோயில்கள் நடந்து சுற்றிப் பார்ப்பதற்காகக் கட்டப்பட்டவை. ஒரே இடத்தில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்க்க அல்ல.

இந்தச் சிக்கலை நம் நாட்டில் மிகப் பெரிதாக எதிர்கொண்டவர் லின்னியஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1856-ல் மதராஸ் அரசாங்கம் அவரை அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை என்று மாட்டுவண்டி நிறையச் சாமான்களோடு போனார். அந்தக் காலத்து நெகட்டிவை இன்றைக்கு மாதிரி பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் வழக்கம் இல்லை. படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அவ்வளவு பெரிய நெகட்டிவ், அதற்குத் தகுந்த பெரிய பெட்டிக் கேமரா. நம் வெயிலில் கண்ணாடித் தகட்டு ரசாயனம் காய்ந்து போகும் என்பதால் மெழுகு ஊட்டிய காகித நெகட்டிவை நிறையப் பயன்படுத்தினார்.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்து அடிப்பகுதியைச் சுற்றி ராஜராஜ சோழனின் கல்வெட்டு ஓடுகிறது. யாருக்கு நிலம், எந்த ஊரிலிருந்து எவ்வளவு நெல், ஆடல் மகளிர் யார் யார் என்று கல்லில் எழுதிய கணக்குப் புத்தகம். அதை ஒரே படமாக எடுக்க எந்த லென்ஸும் கிடையாது. ட்ரைப் என்ன செய்தார்? கேமராவை நகர்த்தி நகர்த்தித் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டினார். ஒட்டி முடித்தபோது நீளம் சுமார் 19 அடி! நம் வீட்டு நடையில் விரித்தால் வாசல்படி தாண்டும். 1858-ல் செய்த வேலை இது. அந்தக் கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் என்ற அறிஞர் அச்சிட்டுப் பதிப்பித்தது அதற்கு முப்பது வருஷத்துக்குப் பின்னால்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஒட்டு வேலையை விளக்கத் தேவையில்லை. கோர்வைச் சேலையில் உடல் தனி நாடா, கரை தனி நாடா. இரண்டையும் ஊடைக்கு ஊடை பின்னிக் கோர்க்க எதிர்ப்பக்கம் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். சேர்மானம் எங்கே என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, நெய்தவருக்குத் தெரியும். ட்ரைப் படத்திலும் ஒட்டு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு துண்டிலும் எழுத்து நேராக, படிக்கும்படி இருக்கிறது. அகலத்துக்கு அவர் கொடுத்த விலை உழைப்பும் நேரமும் அரசாங்கப் பணமும். பணம்தான் கடைசியில் அவரையும் நிறுத்தியது. 1859-ல் மதராஸ் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன் இந்தச் செலவு கட்டுப்படியாகாது என்று வேலையை முடித்துவிட்டார். (நல்ல வேலையைச் செலவு என்று நிறுத்துவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை.)

காஞ்சியிலேயே இதற்கு ஒப்பான ஓர் இடம் உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில், சிங்கத் தூண்களுக்குப் பின்னால் உள்ள சுவரில், பல்லவ வம்சத்தின் கதை சிற்ப வரிசையாக ஓடுகிறது. இரண்டாம் நந்திவர்மன் காலம், எட்டாம் நூற்றாண்டு. தூணுக்கு வெளியே நின்றால் தூண் மறைக்கும். உள்ளே நின்றால் சுவர் மூக்கில் இடிக்கும். அந்தச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எந்தக் காட்சி எந்த அரசன் என்று எழுதியவர் சி. மீனாட்சி அம்மையார். அவருடைய நூலைத் தொல்லியல் துறை 1941-ல் வெளியிட்டபோது அவர் உயிரோடு இல்லை. இந்த இடத்துக்கு மீன்கண் லென்ஸோடு போகாதே. அங்கே வேண்டியது ட்ரைப்பின் வழி: ஒரு கஜம் நகர்ந்து ஒரு படம், மறுபடி ஒரு கஜம் நகர்ந்து ஒரு படம். படிக்க வேண்டிய பொருளை வளைக்கக் கூடாது. அறையைப் பிடிப்பது வேறு விஷயம்.

அந்த வேறு வழி எங்கே தொடங்கியது என்று பார்ப்போம்.

அத்திவரதர் இருக்கும் அனந்தசரஸ் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் 48 நாள் தரிசனத்துக்கு வந்த கூட்டத்தில் நம் பிள்ளைகள் பலரும் சிக்கித் திணறியது நினைவிருக்கும். கூட்டத்தை விடுங்கள், குளத்து மீனை மட்டும் பாருங்கள். தண்ணீருக்குள் இருந்து அது மேலே பார்த்தால் என்ன தெரியும்? ஒளி தண்ணீரில் நுழையும்போது வளைகிறது. அதனால் கரையிலிருந்து கரை வரை உள்ள மொத்த வானம், மண்டபம், படிக்கட்டு, படியில் நிற்கும் ஆட்கள் எல்லாமே மீனின் தலைக்கு மேல் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருண்டு தெரியும். வட்டத்தின் விளிம்புக்குப் போகப் போக எல்லாம் நசுங்கியிருக்கும். வட்டத்துக்கு வெளியே குளத்தின் அடிதான் கண்ணாடியில் தெரிவது போலத் தெரியும்.

இதைப் படமாக எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டவர் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் வுட் என்ற இயற்பியல் பேராசிரியர். ஒளி புகாத பெட்டியில் தண்ணீரை நிரப்பி, ஊசித் துளை வழியாக ஒளியை விட்டு, அடியில் தகடு வைத்து எடுத்தார். 1906-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். மீன்கண் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். இந்த வுட்டைப் பற்றி இன்னொரு கதையும் சொல்ல வேண்டும், ஆசிரியர் புத்தி விடாது. 1904-ல் பிரான்சில் ஒரு விஞ்ஞானி புதுக் கதிர் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வுட் அந்த இருட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய், கருவியிலிருந்த பட்டகத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் அவர்கள் கதிர் தெரிகிறது, தெரிகிறது என்றார்கள். கதிர்க் கதை அதோடு முடிந்தது. கண்ணால் பார்த்ததையே நம்பாத மனிதர் மீனின் கண்ணைத் தேடிப் போனார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

தண்ணீர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. தண்ணீரின் வேலையைக் கண்ணாடியைச் செய்யவைக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்தவர் கேம்பிரிட்ஜில் இருந்த ராபின் ஹில். முழு வானத்தையும் ஒரே படத்தில் எடுத்து மேகங்களைப் படிப்பதற்காக 1924-ல் ஒரு லென்ஸை வெளியிட்டார். லண்டனில் பெக் நிறுவனம் அதைச் செய்து விற்றது. ஹில் என்ற பெயரைக் கேட்டதும் மேல்நிலையில் உயிரியல் படித்தவர்களுக்கு மணி அடிக்க வேண்டுமே? ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் வரும் ஹில் வினையின் அதே ஹில்தான். வானத்தைப் படமெடுத்தவர் பிறகு இலைக்குள் போய்விட்டார்.

ஆக, மீன்கண் லென்ஸ் கலைஞருக்காகப் பிறக்கவில்லை. வானிலைக்காரருக்காகப் பிறந்தது. ஜப்பானில் இன்று நிக்கான் என்று நாம் சொல்லும் நிறுவனம் 1938-ல் முதல் மீன்கண் லென்ஸைச் செய்ததும் மேகம் பார்க்கத்தான். சாதாரணக் கேமராவில் கழற்றி மாட்டும் மீன்கண் லென்ஸை அவர்கள் 1962-ல் கொண்டுவந்தார்கள். 8 மி.மீ., வட்டமான படம், 180 பாகை. அதன் பின்பக்கம் கேமராவுக்குள் அவ்வளவு ஆழமாக நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் உள்ளே இருக்கும் கண்ணாடியை மேலே தூக்கிப் பூட்டிவிட்டுத்தான் மாட்ட முடியும். பூட்டிய பிறகு வ்யூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. மேலே தனியாக ஒரு சின்ன வ்யூஃபைண்டர் செருகிக்கொள்ள வேண்டும். 1970-களில் அதே நிறுவனம் 6 மி.மீ. லென்ஸ் ஒன்று செய்தது. பார்வை 220 பாகை, அதாவது தனக்குப் பின்னாலும் கொஞ்சம் பார்க்கும். எடை 5 கிலோவுக்கு மேல். நம் வீட்டு ஆட்டுக்குழவி மாதிரி.

இப்போது கரும்பலகைக்கு வருவோம். ஏன் வளைய வேண்டும்? நேர்க்கோட்டை நேராகவே காட்டும் 180 பாகை லென்ஸ் ஏன் கிடையாது?

சாதாரண லென்ஸ் கோணத்தைப் படத்தில் டேன்ஜென்ட் கணக்கில் வைக்கிறது. நடுவிலிருந்து 45 பாகை தள்ளியிருக்கும் பொருள், குவியத் தொலைவு எவ்வளவோ அவ்வளவு தூரத்தில் விழும். 60 பாகை என்றால் 1.7 மடங்கு. 80 பாகை என்றால் 5.7 மடங்கு. 90 பாகைக்கு? டேன் 90 என்ன என்று உங்களுக்குப் பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். முடிவிலி. முடிவிலி அளவுக்கு சென்சார் கிடையாது. ஆகவே 180 பாகை வேண்டுமென்றால் டேன்ஜென்டை விட்டாக வேண்டும். விட்டால் கோடு வளையும்.

வகுப்பில் பூமி உருண்டையையும் சுவர் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவேனே, அதே கதைதான். ஆரஞ்சுத் தோலைக் கிழிக்காமல் தட்டையாக விரிக்க முடியாது. சுவர் வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவு தெரிகிறதே, உண்மையில் ஆப்பிரிக்கா பதினான்கு மடங்கு பெரியது. திசையைச் சரியாகக் காட்ட அந்த வரைபடம் பரப்பைப் பொய்யாக்கியது. லென்ஸ் செய்கிறவர்களும் அப்படித்தான். சிலர் கோணத்துக்குக் கோணம் சம தூரம் வைத்தார்கள். அது வானியல்காரருக்கு வசதி, படத்தில் ஸ்கேல் வைத்தே நட்சத்திரத்தின் கோணத்தை அளக்கலாம். பெரும்பாலான மீன்கண் லென்ஸ்கள் பரப்பு கெடாதபடி பார்த்துக்கொள்கின்றன. இன்னும் சில லென்ஸ்கள் சின்ன உருவங்களின் வடிவத்தைக் காப்பாற்றுகின்றன. ஓரத்தில் நிற்கிறவரின் முகமும் முகமாகவே இருக்கும், அவ்வளவாக நசுங்காது.

நேர்க்கோடு காட்டும் அகல லென்ஸ் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்பாய். கல்யாண மண்டப குரூப் போட்டோவை எடுத்துப் பார். ஓரத்தில் நிற்கும் பெரியப்பாவும் சித்தியும் இருப்பதைவிடப் பருமனாக, தலை பூசணிக்காய் மாதிரி இழுபட்டுத் தெரிவார்கள். அவர்கள் சாப்பிட்டது காரணம் இல்லை, டேன்ஜென்ட்தான் காரணம். கோட்டைக் காப்பாற்றினால் ஆள் கெடுவார். ஆளைக் காப்பாற்றினால் கோடு கெடும்.

தறி அறையில் இதைப் பொருத்திப் பார்ப்போம். கேமராவைத் தறிக்கு நாலடி தள்ளி, தரையிலிருந்து நாலடி உயரத்தில் பிடிக்கிறாய் என்று வைத்துக்கொள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி ஒன்பதடி உயரத்தில். கீழே குழி, மிதி இருக்கும் இடம், தரைக்கு இரண்டடி கீழே. மேல்நோக்கி 51 பாகை, கீழ்நோக்கி 56 பாகை, மொத்தம் 107. இன்றைய நல்ல கைப்பேசியின் அகல லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்தாலே இது மட்டுக்கு மட்டாக அடங்கிவிடும். ஆகவே லென்ஸ் வாங்கும் முன் கைப்பேசியில் எடுத்துப் பார், இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் கவனி. ஒன்று, குறுக்கே 85 பாகைதான் வரும், கோர்வைக்குப் பையன் உட்காரும் இடம் வெட்டுப்படலாம். இரண்டு, படத்தின் அடியில் 56 பாகையில் இருக்கும் மிதி உண்மையைவிட மூன்று மடங்கு நீளமாக இழுபடும். தாத்தா கால் வைத்த இடம் ஏதோ நீண்ட பள்ளம் மாதிரி தெரியும்.

இதைவிடப் பெரிய பொய் ஒன்று இருக்கிறது. அகல லென்ஸ் சின்ன அறையைப் பெரிய கூடமாகக் காட்டும். அடுக்குமாடி விளம்பரங்களில் பார்க்கிறோமே, போட்டோவில் மட்டைப்பந்து ஆடலாம், நேரில் போனால் கட்டிலைச் சுற்றி நடக்க முடியாது. கோடுகள் எல்லாம் நேராக இருப்பதால் பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் தறி, சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் நடந்தது என்பதுதான் அந்த வீட்டின் கதை. நாளைக்கு உன் பேரன் படத்தைப் பார்த்து "அடேயப்பா, எவ்வளவு பெரிய ஹால்" என்றால் நீ எடுத்த படம் தோற்றுப்போனது என்று அர்த்தம்.

மீன்கண் படம் வளைந்திருப்பதால் எவரும் ஏமாற மாட்டார். இது சுருட்டி வைத்த படம் என்று பார்த்த உடனே தெரியும். பல பேர் குறை என்று சொல்லும் அந்த வளைவை நான் நேர்மை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். என் யோசனை: மீன்கண் படம் சில, அதே அறையில் சாதாரண லென்ஸில் ட்ரைப் மாதிரி துண்டு துண்டாகச் சில. ஒரு துண்டிலாவது தறி மரத்தின் மேல் அளவு நாடாவை நீட்டி வைத்து எடு.

சரி, எதை வாங்குவது?

உன்னிடம் இருப்பது ஏ.பி.எஸ்-சி கேமரா, அதாவது சென்சார் கொஞ்சம் சின்னது. கடையில் "8 மி.மீ. மீன்கண்" என்று மட்டும் சொல்லிக் கேட்காதே. அது எந்த அளவு சென்சாருக்குச் செய்தது என்று கேள். புல் ஃபிரேமுக்குச் செய்த 8 மி.மீ. லென்ஸ் அங்கே முழு வட்டம் தரும், உன் கேமராவில் வட்டத்தின் மேலும் கீழும் வெட்டுப்பட்டு இரண்டும்கெட்டானாக நிற்கும். படம் முழுவதும் நிரம்பி, மூலைக்கு மூலை 180 பாகை வருவதற்குப் புல் ஃபிரேமில் 15 அல்லது 16 மி.மீ. வேண்டும். உன் கேமராவுக்கு ஏறக்குறைய 10 மி.மீ. வடிவத்தைக் காக்கும் கணக்கில் செய்த லென்ஸானால் 8 மி.மீ.யே அந்த வேலையைச் செய்யும். சாம்யாங் 8 மி.மீ. அப்படிப்பட்டது. அதிலும் ஒரு நுணுக்கம்: நிக்கான், சோனி உடலில் 180 பாகை, கேனான் உடலில் சென்சார் இன்னும் கொஞ்சம் சின்னது என்பதால் 167 பாகை.

வட்டப் படம் தரும் லென்ஸ் முதல் லென்ஸாக வேண்டாம். பத்துப் படம் எடுத்ததும் எல்லாம் கதவுத் துளையில் பார்த்த மாதிரி இருக்கும். பிறகு அலமாரியில் தூங்கும். சாதாரண லென்ஸின் முன்னால் திருகும் மலிவுக் கண்ணாடிகளும் வேண்டாம், ஓரமெல்லாம் எண்ணெய் பூசிய மாதிரி கலங்கும்.

தானாக ஃபோகஸ் ஆகும் விலை உயர்ந்த லென்ஸுக்காகக் கடன் வாங்காதே. இதற்கும் கணக்கு இருக்கிறது. 8 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து, ஃபோகஸ் வளையத்தைச் சுமார் 40 செ.மீ.யில் நிறுத்தினால், 20 செ.மீ. முதல் வானம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். வளையத்தின் மேல் ஒரு செல்லோடேப் ஒட்டிவிட்டு ஃபோகஸை மறந்துவிடலாம். கையால் திருப்பும் சாம்யாங், செவன் ஆர்டிசன்ஸ் போன்றவை இந்த வேலைக்குத் தாராளம். மாட்டிய பிறகு "லென்ஸ் இல்லை" என்று கேமரா அடம்பிடித்தால், மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் இடம் இருக்கும், அதைத் திறந்துவிடு. முடிந்தால் முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடு.

எடுக்கும் விதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படத்தின் நடுப்புள்ளி வழியாகப் போகும் கோடு எந்த மீன்கண் லென்ஸிலும் வளையாது. ஆகவே தறியின் தலைமாட்டில் நின்று, பாவு ஓடும் கோடு நடுப்புள்ளி வழியாகப் போகும்படி வை. பாவு நேராக இருக்கும், சுவரும் கூரையும் அதைச் சுற்றி வளையும். இன்னொரு வித்தை: கேமராவை நேராக வானம் பார்த்து வைத்தால், செங்குத்தாக நிற்கும் எல்லாமே நடுவை நோக்கி ஓடும் நேர்க்கோடுகளாகிவிடும். வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தை மனதில் வைத்துப் பார். (பெயர்தான் நூறு, எண்ணினால் 96.) நடுவில் நின்று மேலே பார்த்து எடுத்தால் ஒரு தூண்கூட வளையாது. உன் அறையிலும் தாத்தா உட்காரும் இடத்தில் கேமராவை மல்லாக்க வைத்து ஒன்று எடு. அவர் தலை தூக்கியபோதெல்லாம் பார்த்த ஜக்கார்டும், நூல்களும், ஓட்டுக்கூரையும் ஒரே படத்தில் கிடைக்கும். இந்த ஒரு படத்துக்கு மட்டும் கைப்பேசி போதாது.

இன்னொன்று. மீன்கண் லென்ஸ் கோபுரத்தைப் பெரிதாகக் காட்டும் என்று நினைக்காதே, சிறிதாக்கும். கிட்டத்தில் இருப்பது மட்டும்தான் பெரிதாகும். ஆகவே நெருங்கு, இன்னும் நெருங்கு. உன் காலும், முக்காலியின் காலும், உன் நிழலும் படத்தில் விழும், பார்த்துக்கொள். பழைய விளக்கு வெளிச்சத்திலேயே எடு. ஃபிளாஷ் இவ்வளவு அகலத்துக்குப் பரவாது.

பழைய லென்ஸாக வாங்குவதானால் பகலில் வாங்கு. கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கம் அடித்து முன்பக்கம் வழியாகப் பார், சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிந்தால் பூஞ்சை. நம் பக்கத்து ஈரக்காற்றில் அது சீக்கிரம் வரும், துடைத்தால் போகாது. மீன்கண்ணின் முன்கண்ணாடி முட்டை மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அதற்குப் பாதுகாப்பு ஃபில்டர் மாட்ட முடியாது. மூடி ஒன்றுதான் கதி. அந்த மூடி கழன்று விழாமல் இறுக்கமாக உட்காருகிறதா என்று நாலு முறை போட்டு எடுத்துப் பார். மூடி தொலைந்துவிட்டது, விலையில் குறைத்துக்கொள்ளுங்கள் என்று விற்கிறவர் சொன்னால், கும்பிட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடு.